பத்து மீட்டருக்கு எத்தனை மடங்கு?

ஊத்துக்குளியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏர் கன் ஒன்றும் புதிய சாமான் இல்லை. களத்தில் குருவி விரட்ட, தென்னையில் அணில் விரட்ட என்று சொல்லி வாங்கி, பிறகு பரணில் போட்ட பழைய துப்பாக்கி சில வீடுகளில் இன்றும் கிடக்கும். புதிதாக வந்திருப்பது அதன் முதுகில் ஏறியிருக்கும் ஸ்கோப். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிப் பையன்கள் போனில் தேடி வரவழைக்கும் பொருள்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. துப்பாக்கியின் விலையில் பாதி கண்ணாடிக்குப் போகிறது. சிலர் துப்பாக்கியைவிடக் கண்ணாடிக்கு அதிகம் கொடுக்கிறார்கள்.

ஸ்கோப் நல்ல கருவிதான். அதை நாம் தேர்ந்தெடுக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதை முதலில் கேட்கிறோம். எந்தத் துப்பாக்கிக்கு, எத்தனை மீட்டருக்கு, எந்த மவுண்டில் என்ற மூன்று கேள்விகளையும் கடைசியில்கூடக் கேட்பதில்லை. "அண்ணா, நாலு மடங்கா ஒம்பது மடங்கா?" என்று பையன் கேட்க, "பெருசாவே போட்டுக்கங்க தம்பி, பின்னால மாத்த வேண்டியதில்ல" என்று கடைக்காரர் சொல்ல, வியாபாரம் முடிந்துவிடுகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016-இல் வந்த புதிய விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்போகாமலும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்போகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. இரண்டில் எது மீறினாலும் உரிமம் வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் சுடும் 10 மீட்டர் ரைபிளின் ஆற்றல் இதில் பாதிகூட இல்லை. சுமார் ஏழரை ஜூல்தான். "பவர் ஏத்தித் தர்றோம்" என்று ஸ்பிரிங் மாற்றித் தரும் ஆள் உங்களுக்குக் கிடைத்தால், அவர் உங்கள் துப்பாக்கியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி ஸ்கோப்பின் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்ப்போம். சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்கக் கண்முன் மூன்று பொருள்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்: பின்னால் இருக்கும் பள்ளம், முனையில் இருக்கும் முள், எதிரே இருக்கும் இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்குப் பள்ளம் சுத்தமாக மங்கிவிடும். செக்கிங் டேபிளில் வருடக்கணக்காகக் குனிந்து துணி பார்த்த கண்ணுக்கு இது நன்றாகவே தெரிந்த தொல்லை. ஸ்கோப் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது. குறுக்குக் கம்பியும் இலக்கும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே தெளிவில் தெரிகின்றன. வயதானவருக்கும் கண்ணாடி போட்டவருக்கும் இது ஆடம்பரச் செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது நன்மையைப் பலர் குறையாக எண்ணுகிறார்கள். ஸ்கோப் வழியே பார்த்தால் கம்பி இலக்கின் மேல் ஆடுவது தெரியும். மூச்சு, நாடித் துடிப்பு, இடது முழங்கையின் நடுக்கம் எல்லாம் அங்கே தெரியும். முன்பும் கை இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். துணியில் லூப் எண்ண வைக்கிற கவுண்டிங் கிளாஸ் விட்டுப்போன தையலைக் காட்டும், தைத்துத் தராது, ஸ்கோப்பும் அப்படியே. காட்டுவதைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்பவருக்கு அது வாத்தியார். ஆட்டத்தைப் பார்த்துப் பதறி, கம்பி நடுவில் வந்த கணத்தில் டிரிகரை வெடுக்கென்று இழுப்பவருக்கு அதுவே கெட்ட பழக்கத்தின் ஆரம்பம். அதிக மடங்கு வைத்துப் பழகியவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த வெடுக்கைத்தான்.

மடங்குக்கு வருவோம். பெட்டியில் 4x32 என்று போட்டிருந்தால் நாலு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 32 மி.மீ. என்று பொருள். 3-9x40 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றலாம், முன்கண்ணாடி 40 மி.மீ. விட்டத்தை மடங்கால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32-இல் அது 8 மி.மீ.; 3-9x40-ஐ ஒன்பதில் வைத்தால் சுமார் 4.4, 6-24x50-ஐ இருபத்து நாலில் வைத்தால் 2 மி.மீ.க்குச் சற்றுமேல். கற்றை ஒடுங்க ஒடுங்கக் கண்ணை வைக்க வேண்டிய இடமும் ஒடுங்கும். தலை கொஞ்சம் அசைந்தாலும் கறுப்பு நிழல் விழும். காலை ஆறரை மணிக்குத் தென்னந்தோப்பு நிழலில் காட்சி மங்கும். இது தெரியாமல் "லென்ஸ் டூப்ளிகேட்" என்று விற்றவரைத் திட்டுபவர்கள் உண்டு. பிரபல பிராண்டின் பெயரை அச்சடித்து விற்கும் நகல்கள் சந்தையில் நிறைய இருப்பதும் உண்மைதான். ஆனால் அசல் சரக்கிலும் இந்தக் கணக்கு மாறாது.

நம் ஆட்கள் சுடுவது எத்தனை தூரத்துக்கு? வீட்டுப் பின்பக்கம், களம், தோப்பு என்றால் பத்து மீட்டர், மிஞ்சினால் இருபத்தைந்து. பத்து மீட்டரில் இருக்கும் அட்டை நாலு மடங்கில் இரண்டரை மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். அதுவே போதுமானது. இருபத்து நாலு மடங்கில் அரை மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிற்பதுபோல் தெரிய வேண்டும். ஆனால் தெரிவதென்னவோ மங்கலான ஒரு கறுப்புத் திட்டு. பெரிய ஸ்கோப் பலவற்றால் பத்து மீட்டர் அளவுக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யவே முடியாது. காசு கொடுத்து வாங்கிய மடங்கைக் குறைத்து வைத்துத்தான் சுட வேண்டியிருக்கும்.

மடங்கைவிட முக்கியமானது பாரலாக்ஸ். விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ஸ்கோப்புக்குள் இலக்கின் பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழுந்தால், கண்ணை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கம்பி இலக்கின் அதே புள்ளியில் நிற்கும். அது நடப்பது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே. வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த சாதாரண ஸ்கோப்புகளில் அந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குப் பூட்டிவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து பத்து மீட்டரில் வைத்தால், 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில் கண் ஓரத்துக்குப் போகும்போது ஏட்டுக் கணக்குப்படி 18 மி.மீ. வரை குறி தவறலாம். ஏர் ரைபிள் இலக்கின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான். கை ஆடாமல், மூச்சு பிடித்து, டிரிகரை அழகாக அழுத்தி, கன்னத்தை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தால் குண்டு கறுப்பை விட்டு வெளியே போய்விடும். "ஒரு நாள் நல்லாப் போகுது, ஒரு நாள் போக மாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. துப்பாக்கியைக் குண்டில்லாமல் மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பத்து மீட்டரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். கம்பி புள்ளியை விட்டு நகர்ந்தால் அந்த ஸ்கோப் உங்கள் தூரத்துக்கானது இல்லை. முன்பக்க வளையத்திலோ இடப்பக்கக் குமிழிலோ தூரத்தைத் திருகி மாற்றும் வசதியும், பத்து கஜம் வரை இறங்கும் எழுத்தும் இருந்தால் அதுவே ஏர் ரைபிளுக்கு ஏற்றது. அந்த வசதியுள்ள எளிய நாலு மடங்கு ஸ்கோப், வசதியில்லாத பதினாறு மடங்கைவிட உங்கள் தோட்டத்தில் அதிகம் உதவும்.

அடுத்தது உதை. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு உதையே கிடையாது என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் பெரிய துப்பாக்கியில் நெடுங்காலம் ஒழுங்காக உழைக்கும் ஸ்கோப்கூட இதில் சீக்கிரமே உதிர்ந்துவிடும். காரணம் எளிது. டிரிகர் விடுபட்டதும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாயும். துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும். அடுத்த கணமே பிஸ்டன் அமுங்கிய காற்றில் மோதி நிற்கும். துப்பாக்கி முன்னோக்கி வெட்டி இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் உள்ளே இருக்கும் லென்ஸும் கம்பிச் சட்டமும் பின்னுதையைத் தாங்கத்தான் கட்டப்பட்டவை. முன்னிழுப்பு அவற்றைத் தளர்த்திவிடும். இரண்டு டப்பா பெல்லட் தீர்வதற்குள் கம்பி சாய்ந்து நிற்கும். ஆகவே 'ஸ்பிரிங் ஏர்கன் ரேட்டட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அழுத்தக் காற்று அடைத்த பி.சி.பி. ரைபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் உதை மிகச் சிறிது. எந்த ஸ்கோப்பும் தாங்கும். அங்கே பணம் துப்பாக்கிக்கும் காற்று நிரப்பும் பம்புக்கும் போய்விடுகிறது.

ஸ்பிரிங் துப்பாக்கியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே இந்த முன்னும் பின்னுமான ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதனால் இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். கையைத் தளர்வாக வைத்து, துப்பாக்கி தன் போக்கில் ஆடிவிட்டுப் போகட்டும் என்று விடுபவருக்கே குண்டுகள் ஓரிடத்தில் விழும். குண்டு போடாமல் சும்மா டிரிகர் இழுத்துப் பழகுவதும் கூடாது. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் உலோகத்தில் போய் இடிக்கும்.

மவுண்ட்தான் இந்தக் கதையில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பாத்திரம். ஏர் ரைபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. அகலத் தண்டவாளம் இருக்கும். பெரிய துப்பாக்கிகளில் இருக்கும் வீவர், பிக்காட்டினி தண்டவாளம் அதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு அகலம். பெட்டியோடு இலவசமாக வரும் வளையம் எதற்கு என்று பார்க்காமல் மாட்டி, நிற்காததால் இடையில் சோடா மூடித் தகடு வைத்து இறுக்கிய வேலைகளையும் பார்க்கலாம். பத்துக் குண்டுக்குள் ஸ்கோப் அரை அங்குலம் பின்னால் நகர்ந்திருக்கும். துப்பாக்கியின் மேல்தட்டில் சிறு குழி இருந்தால் அது அழகுக்காக அல்ல. மவுண்டின் அடியில் உள்ள நிறுத்துமுள் அதில் இறங்க வேண்டும். முள் இறங்கிய மவுண்ட் நகராது. வளையத்தின் மேல் திருகுகளை ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து இரண்டு விரலால் முடுக்கினாலே போதும். முழு பலத்தையும் போட்டால் மெல்லிய குழாய் நசுங்கி, உள்ளே திருகும் பாகம் சிக்கிக்கொள்ளும்.

கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இதைக் கடையில் நின்றபடி அளக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தை வழக்கமான இடத்தில் பதித்துவிட்டுத் திறந்து பாருங்கள். வட்டம் முழுசாகத் தெரியும் இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தி, பிறகுதான் முடுக்க வேண்டும். கம்பி நெட்டாக நிற்கிறதா என்று பார்க்கக் கட்டடக் கொத்தனாரின் தூக்குநூல் போதும். இதற்கெல்லாம் அரைமணி நேரம்கூட ஆகாது. இந்த அரைமணி நேரத்தை யாரும் செலவழிப்பதில்லை என்பதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு.

பிறகு ஜீரோ பண்ணும் வேலை, அதாவது குண்டு விழும் இடத்துக்குக் கம்பியைப் பொருத்துவது. ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு சிறு கோண அளவு) என்று குமிழில் எழுதியிருக்கும். நூறு மீட்டரில் அது சுமார் 7 மி.மீ. நகர்த்தும். பத்து மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்குதான்: 0.7 மி.மீ. குண்டு இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நடுவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 28 கிளிக் வேண்டும். நம் பையன் நாலு கிளிக் திருகுவான், ஒரு குண்டு போடுவான், மாற்றம் தெரியாது. கோபத்தில் குமிழை முழுச் சுற்றாகத் திருகுவான், குண்டு அட்டையை விட்டே போகும். திரும்ப எதிர்ப்பக்கம் திருகுவான். அரை டப்பா பெல்லட் காலி. ஒரே குறியில் ஐந்து குண்டு போட்டு, அந்த ஐந்தின் நடுவை அளந்து, கணக்குப் போட்டுத் திருகி, மறுபடி ஐந்து போடுவதே முறை. ஒரு குண்டைப் பார்த்துத் திருத்துபவர் தன் கை நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

குழலை மடக்கிக் குண்டு போடும் வகையில் இன்னொரு பொறி உண்டு. பலவற்றில் குழல் சற்றுத் தலை தாழ்ந்தே நிற்கும். பள்ளமும் முள்ளும் மட்டும் உள்ள திறந்த சைட்டில் இது தெரியாது. ஸ்கோப் போட்டதும் குண்டு கீழேயே போகும். குமிழை மேலே மேலே திருக வேண்டியிருக்கும். கடைசி எல்லைக்குப் போனபின் உள்ளே இருக்கும் தாங்கு ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வோர் உதைக்கும் கம்பி இடம் மாறும். பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் ஒன்றை மாட்டினால் தீரும் விஷயத்துக்கு ஸ்கோப்பையே மாற்றியவர்கள் உண்டு.

இவ்வளவையும் சொன்னபிறகு ஒரு விஷயம் உறுத்தும். போட்டி விளையாட்டாகச் சுட விரும்பும் பிள்ளைக்கு இந்த ஸ்கோப் எதற்கும் உதவாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 10 மீட்டர் ஏர் ரைபிளில் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. பின்னால் ஊசித்துளை போன்ற சிறு ஓட்டை உள்ள பீப் சைட், முன்னால் ஒரு வளையம், அவ்வளவே. நம் நாட்டுப் போட்டிகளில் பீப் சைட்டோடு சாதாரணத் திறந்த சைட்டுக்கும் தனிப்பிரிவு உண்டு. அங்கும் ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியே பார்க்கும்போது கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே ஓரளவு தெளிவாகத் தெரியும். முன்வளையத்துக்குள் கறுப்பு வட்டம் சமமாக உட்கார்ந்தால் போதும். கண் வட்டத்துக்குள் வட்டத்தைத் தானாகவே நடுப்படுத்திக்கொள்ளும்.

அந்த எளிய ஓட்டையால் எவ்வளவு முடியும் என்பதற்குக் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சாட்சி. 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். 2024 பாரீஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் அவர் எடுத்த புள்ளி 630.7. சராசரி பத்தரை. அதாவது பெரும்பாலான குண்டுகள் இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில். அதுவும் இறுதிச் சுற்றுக்குப் போதவில்லை, 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் உள்ளே போனார். அறுபது குண்டில் 0.8 புள்ளி வித்தியாசம். இந்த அளவு நுணுக்கம் நடக்கும் இடத்தில் பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

சைட் தன் இடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் எல்லா மட்டத்திலும் ஒன்றுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் போட்ட ஒத்திகைக் குண்டு எங்கோ போனதையும், சைட் இடம் மாறியிருந்ததைக் கண்டு திருத்தியதையும் 2011-இல் வந்த தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது, எத்தனை கிளிக் எந்தப் பக்கம் என்று பதறாமல் கணக்குப் போடும் பழக்கம்.

போட்டிக்கான மற்றச் சாமான்களில் ஜாக்கெட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ரைபிள் சுடுபவர் போடும் தடித்த கான்வாஸ் மேல்சட்டை முதுகெலும்பைத் தாங்கும். நின்று சுடும்போது உடல் அசைவைக் குறைக்கும். பன்னாட்டு விதிப்படி அதன் துணி ஓரடுக்கில் 2.5 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். உள்ளே போடும் துணிக்கும் அதே 2.5 மி.மீ. வரம்பு உண்டு. இழுத்தால் நீளும் துணியில் பிழைக்கும் ஊர் நம்முடையது. இழுத்தாலும் நீளாத, அதே சமயம் வரம்பைத் தாண்டி விறைக்காத சட்டை என்பது நேர் எதிரான தையல். நம் நாட்டின் கேப்பாபி நிறுவனம் இதைத் தைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் சட்டை சிறுத்துவிடும். சட்டையின் தாங்கலில் பழகிய முதுகுக்குத் தானாக நிற்கும் பலம் வருவதில்லை. ஆரம்ப ஆண்டில் ஜாக்கெட் வேண்டாம், சாதாரணச் சட்டையில் நின்று பழகட்டும் என்பது என் கட்சி. பயிற்சியாளர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

செலவு செய்ய வேண்டிய இடம் பெல்லட். பத்து மீட்டர் அட்டைக்குத் தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள். காகிதத்தில் வட்டமாகச் சுத்தமாக ஓட்டை போடும். ஒரே துப்பாக்கியில் ஒரு கம்பெனி பெல்லட் ஓரிடத்தில் குவியும், இன்னொன்று சிதறும். ஆகவே முதலில் மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து, குவியும் வகையிலேயே நில்லுங்கள். ஸ்கோப் தராத முன்னேற்றத்தை இந்தச் சோதனை தரும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் சோறு தொடக்கூடாது.

குண்டு தாங்கும் பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஒரு மரப்பெட்டியில் பனியன் வேஸ்ட்டைக் கெட்டியாகத் திணித்து, முன்னால் அட்டை அடித்து, பின்னால் இரும்புத் தகடு வைத்தால் பெல்லட் உள்ளேயே நின்றுவிடும். அவ்வப்போது வேஸ்ட்டைப் புரட்டி மறுபடி திணிக்க வேண்டும். சிமெண்டுச் சுவரையோ கல்லையோ பார்த்துச் சுட்டால் குண்டு திரும்பி வரும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. அதே வேஸ்ட்டால் ஸ்கோப் லென்ஸைத் துடைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பாவம். பஞ்சுத் தூசியோடு கலந்த மணல்துகள் லென்ஸின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். முதலில் ஊதியோ மெல்லிய பிரஷ்ஷாலோ தூசியை நீக்கி, அதன்பிறகு லென்ஸ் துணியைத் தொடுங்கள்.

ஸ்கோப்பின் கடைசிக் குறை கருவியில் இல்லை. அட்டையில் சுட்டு அலுத்த கையைக் கொம்பில் உட்கார்ந்திருக்கும் புறாவை நோக்கித் திருப்ப அது தூண்டுகிறது. வெறுங்கண்ணுக்கு நிழலாகத் தெரிந்த பறவை நாலு மடங்கில் கழுத்துப் புள்ளியோடு தெரியும்போது ஆசை வரும். ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. அங்கே வரும் பறவைகள் குளத்தின் வேலிக்குள்ளேயே இருப்பதில்லை. பக்கத்துத் தோட்டங்களில்தான் மேய்கின்றன. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. காடைக்கும் கௌதாரிக்கும் புள்ளிப்புறாவுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மக்காச்சோளத்தை மயில் கொத்துகிறது என்ற விவசாயியின் வேதனை உண்மை. அதற்கு வழி வனத்துறையிடம் மனுக்கொடுப்பதுதான், ஏர் ரைபிள் ஆகாது. உரிமம் தேவையில்லாத துப்பாக்கி என்றால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று எடுத்துக்கொண்டவர்கள் வழக்கில் மாட்டிய பிறகே இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்கிறார்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோப்பை எத்தனை மடங்கு என்று சொல்லி விற்காதீர்கள். பாரலாக்ஸ் எத்தனை மீட்டருக்கு, ஸ்பிரிங் துப்பாக்கியின் உதையைத் தாங்குமா, மவுண்ட் 11 மி.மீ. தண்டவாளத்துக்கு ஏற்றதா என்ற மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். அந்தச் சீட்டில் நாலாவதாக, பறவையைச் சுட்டால் என்ன தண்டனை என்ற வரியையும் சேருங்கள். வாங்கும் தம்பிகளே, அந்தச் சீட்டு இல்லாத பெட்டியை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.